நீரின் கார்பனேட் கடினத்தன்மையை அளப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார்பனேட் கடினத்தன்மையைச் சுருக்கமாகக் கேஎச் என்பார்கள். கேஎச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். சிறிய கண்ணாடிக் குழாயில் 5 மி.லி. நீரை எடுத்து, சோதனைத் திரவத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறியதும் எத்தனை துளி என்று குறித்துக்கொண்டால் முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே பலரும் கிடைத்த எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். திரவம் பழையதா, துளி சரியான அளவில் விழுந்ததா, நிறம் மாறிய தருணத்தைச் சரியாகப் பிடித்தோமா என்று யோசிப்பதில்லை. அப்புறம் அந்த எண்ணை நம்பி மீன்தொட்டியில் சமையல் சோடாவைக் கொட்டுகிறார்கள், நீச்சல் குளத்தில் அமிலத்தை ஊற்றுகிறார்கள். நீரில் எதையாவது சேர்க்கும் முன் உங்கள் அளவு நம்பத்தக்கதா என்று தெரிந்தாக வேண்டும். அதைச் சோதிக்கும் வழி மிக எளியது. பெரும்பாலானோர் தவிர்த்துவிடும் அந்தப் படியைத்தான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

எதை அளக்கிறோம்?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறை வழியாகப் போனால் பாறை சிறிது சிறிதாகக் கரைந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் நீரில் சேரும். டோலமைட் பாறையாக இருந்தால் மெக்னீசியமும் சேரும். கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் சேர்த்து அளப்பது மொத்தக் கடினத்தன்மை, அதாவது ஜிஎச். அவற்றோடு கூடவே வந்த பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றை அளப்பது கேஎச். ஒரே பாறையிலிருந்து இரண்டும் வருவதால் பல இயற்கை நீர்களில் இரண்டு எண்களும் பக்கம்பக்கமாக இருக்கும். ஆனால் எப்போதும் அப்படி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

பைகார்பனேட்டுக்கு ஒரு முக்கியமான குணம் உண்டு. நீரில் அமிலம் சேரும்போது அதைப் பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடும். அது தீரும்வரை பிஎச், அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், மெதுவாகத்தான் இறங்கும். தீர்ந்ததும் சட்டென்று சரியும். மீன்தொட்டியில் நேற்றுவரை 7 ஆக இருந்த பிஎச் இன்று 5.5 ஆகிவிட்டது என்றால் பெரும்பாலும் கேஎச் தீர்ந்துபோயிருக்கும். துளிச் சோதனையும் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. சோதனைத் திரவத்தில் அளவு தெரிந்த அமிலமும் நிறங்காட்டியும் இருக்கின்றன. பைகார்பனேட் முழுவதும் தீர்ந்து பிஎச் சுமார் 4.5க்கு இறங்கும்வரை எத்தனை துளி தேவைப்பட்டது என்பதே நாம் எண்ணுவது.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அமிலத்தை ஈடுசெய்யும் திறனை வேதியியலில் காரத்தன்மை என்பார்கள். துளிச் சோதனைக்கான பெட்டி, சுருக்கமாகத் துளிப் பெட்டி, உண்மையில் அளப்பது மொத்தக் காரத்தன்மையை. கறாராகப் பார்த்தால் கார்பனேட் கடினத்தன்மை என்பது கால்சியம், மெக்னீசியத்தோடு ஜோடி சேரக்கூடிய பகுதி மட்டுமே. கணக்கு சுலபம்: இரண்டையும் ஒரே அலகில் எழுதி, எது சிறியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 250 மி.கி., காரத்தன்மை 180 மி.கி. என்றால் கார்பனேட் கடினத்தன்மை 180. மீதி 70 சல்பேட், குளோரைடு போன்றவற்றோடு இருக்கும் நிரந்தரக் கடினத்தன்மை. இன்னொரு நீரில் கடினத்தன்மை 120, காரத்தன்மை 180 என்றால் கார்பனேட் கடினத்தன்மை 120தான். கூடுதலாக உள்ள 60 சோடியம் பைகார்பனேட் போன்ற உப்புகளிலிருந்து வந்தது.

உப்பு போட்டு இயங்கும் நீர் மென்மையாக்கிக் கருவிக்குப் பின்னால் எடுத்த நீரில் இது பளிச்சென்று தெரியும். கருவி கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது, பைகார்பனேட்டைத் தொடுவதில்லை. ஆகவே ஜிஎச் ஏறக்குறைய 0, கேஎச் பழையபடியே இருக்கும். கருவி வேலை செய்யவில்லை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். மீன்தொட்டி, நீச்சல் குளம் போன்ற வேலைகளுக்கு நமக்குத் தேவைப்படுவது காரத்தன்மைதான் என்பதால் துளிப் பெட்டி தரும் எண்ணையே கேஎச் என்று பயன்படுத்தலாம். கெட்டிலிலும் கொதிகலனிலும் படியும் சுண்ணாம்பைக் கணக்கிடும்போது மட்டும் ஜிஎச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதில் வரும் எண்ணைக் கேஎச்சாக மாற்ற முயல வேண்டாம். அந்தக் கருவி மின்கடத்தும் திறனை அளந்து கரைந்த உப்பு மொத்தமாக எவ்வளவு என்று ஊகிக்கிறது. அந்த உப்பில் எவ்வளவு பைகார்பனேட், எவ்வளவு சமையல் உப்பு என்று அதற்குத் தெரியாது.

அலகுகள்

பெட்டிகளில் பெரும்பாலும் டிகேஎச் என்ற ஜெர்மன் டிகிரி இருக்கும். ஆய்வக அறிக்கைகளில் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட மி.கி./லி. அல்லது பிபிஎம் இருக்கும். கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் மில்லிஈக்விவலன்ட் என்றும் பேசுவார்கள். 1 டிகேஎச் என்பது கால்சியம் கார்பனேட்டாக 17.85 மி.கி./லி., அல்லது லிட்டருக்கு 0.357 மில்லிஈக்விவலன்ட். 1 மில்லிஈக்விவலன்ட் 2.8 டிகேஎச், அதாவது 50 மி.கி./லி. பைகார்பனேட்டாகவே சொன்னால் 1 டிகேஎச்சுக்கு 21.8 மி.கி./லி. இந்தக் கடைசி எண்ணை மறந்துவிடாதீர்கள். பாட்டில் நீரின் லேபிளில் பைகார்பனேட் அளவு அச்சிட்டிருந்தால் அதை 21.8ஆல் வகுத்தால் கேஎச் வந்துவிடும். லேபிளில் 218 என்று இருந்தால் அந்த நீர் 10 டிகேஎச்.

மாதிரி எடுப்பது

குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள். வெந்நீர்க் குழாய் வேண்டாம். சூடான கடின நீரில் சுண்ணாம்பு பிரிந்து அடியில் படிந்துவிடுவதால் எண் குறைவாக வரும். மென்மையாக்கியோ வடிகட்டியோ இருந்தால் மாதிரி அதற்கு முன்னா, பின்னா என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் என்றால் மேற்பரப்பை விட்டு ஒரு கையளவு ஆழத்தில், ஏதாவது உப்போ மருந்தோ போட்டு நன்றாகக் கலந்த பிறகு எடுங்கள்.

உடனே சோதிக்க முடியாவிட்டால் பாட்டிலைக் காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு நாளுக்குள் சோதித்துவிடுவது நல்லது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பிஎச் மாறும், கேஎச் மாறாது. ஆனால் மிகக் கடினமான நீரில் அந்த வாயு போனதும் சுண்ணாம்பு பிரியத் தொடங்கலாம். அப்படிப் பிரிந்தால் கேஎச்சும் குறைந்துவிடும். விளிம்புவரை நிரப்பச் சொல்வது அதற்காகத்தான்.

துளிச் சோதனை, படிப்படியாக

குழாயைச் சோதிக்கப்போகும் நீராலேயே மூன்று முறை அலசுங்கள். சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம். சோப்பு காரத்தன்மை உள்ளது, அதன் மிச்சம் ஒட்டியிருந்தால் கேஎச் கூடுதலாகக் காட்டும். நேற்றைய சோதனையின் மிச்சம் ஒட்டியிருந்தாலோ, அந்த அமிலத்தால் எண் குறையும்.

இப்போது 5 மி.லி. கோடுவரை நிரப்புங்கள். கண்ணாடிக் குழாயில் நீரின் மேல்மட்டம் நடுவில் சற்றுக் குழிந்து இருக்கும். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, குழிவின் அடிப்பகுதி கோட்டைத் தொடும்படி வையுங்கள். சிறிய குழாயில் கோட்டுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் ஏறினாலே பத்தில் ஒரு பங்கு பிழை வந்துவிடலாம். ஊசியில்லாத சிரிஞ்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கோட்டைப் பார்த்து ஊற்றுவதைவிட அது எப்போதும் மேல்.

திரவ பாட்டிலை ஒருமுறை மெதுவாகக் குலுக்கி, அதன் முனையைச் சுத்தமான தாளால் துடையுங்கள். முனையில் காய்ந்த படிவு இருந்தால் துளியின் அளவு மாறும். பிறகு பாட்டிலைத் தலைகீழாக, நேர் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் துளி சிறியதாகிவிடும், எண்ணிக்கை கூடிவிடும். முதலில் வரும் துளியில் காற்றுக்குமிழி இருக்கலாம் என்பதால் ஒரு துளியை வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு துளி விடுங்கள், குழாயை மூடியால் மூடிக் குலுக்குங்கள், நிறத்தைப் பாருங்கள். விரலால் வாயை மூடிக் குலுக்காதீர்கள். வியர்வையும் கையில் ஒட்டியிருப்பவையும் நீரில் சேரும், அமிலம் விரலிலும் படும். பெரும்பாலான பெட்டிகளில் முதல் துளியிலேயே நீர் நீலமாகும். அந்தத் துளியையும் சேர்த்தே எண்ண வேண்டும். நீலம் வந்தபிறகு ஒன்று என்று தொடங்குபவர்கள் உண்டு, அவர்களுடைய எண் எப்போதும் ஒன்று குறைவாக இருக்கும்.

நீலம் மஞ்சளாக மாறும்வரை இப்படியே தொடருங்கள். வெள்ளைத் தாளின் மேல் குழாயை வைத்து, மூடியைத் திறந்து, மேலிருந்து கீழாகப் பாருங்கள். பகல் வெளிச்சம் மிக நல்லது. மஞ்சள் விளக்கின் கீழ் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வேறுபாடு தெரியாது. முடிவை நெருங்கும்போது துளி விழுந்த இடத்தில் மஞ்சள் தோன்றிக் குலுக்கியதும் மறையும். அப்போது வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு துளிக்கும் நன்றாகக் குலுக்குங்கள். சில நீர்களில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு பச்சை வரும். அது பாதி வழி. சந்தேகமாக இருந்தால் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு இன்னும் ஒரு துளி விடுங்கள். நிறம் மேலும் மாறினால் அந்தத் துளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாறாவிட்டால் முந்தைய எண்ணே சரி. பெட்டிக்குப் பெட்டி நிறங்கள் வேறுபடும், ஆகவே உங்கள் பெட்டியின் தாளில் எந்த நிறத்திலிருந்து எந்த நிறம் என்று முதலில் படித்துவிடுங்கள்.

5 மி.லி. நீருக்கு ஒரு துளி ஒரு டிகேஎச் என்பது வழக்கமான அளவு. 7 துளி ஆனால் 7 டிகேஎச். உண்மையில் ஆறாவது துளி போதவில்லை, ஏழாவது போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும். உண்மையான மதிப்பு 6க்கும் 7க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. 15 டிகேஎச் உள்ள நீரில் இந்த இடைவெளியைப் பொருட்படுத்த வேண்டாம். 2 டிகேஎச் உள்ள நீரில் அது மிகப் பெரியது, ஏனென்றால் 1க்கும் 2க்கும் நடுவில்தான் தொட்டியின் பிஎச் நிலையாக இருக்குமா சரியுமா என்பதே தீர்மானமாகலாம்.

மென்னீர் வைத்திருப்பவர்கள் 10 மி.லி. எடுத்துச் செய்யுங்கள். அப்போது ஒவ்வொரு துளியும் அரை டிகேஎச். 20 மி.லி. எடுத்தால் கால் டிகேஎச். அளவு கூடக்கூட நிறம் வெளிறிப்போகும், அதனால் 20க்கு மேல் போக வேண்டாம். மாறாக 25, 30 துளி வரும் மிகக் கடினமான நீர் என்றால், அளந்த நீரோடு அதே அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து, அந்தக் கலவையில் 5 மி.லி. எடுத்துச் சோதித்து, எண்ணை இரண்டால் பெருக்குங்கள். முதல் துளியிலேயே மஞ்சள் வந்தால் கேஎச் ஒன்றுக்கும் குறைவு. காய்ச்சி வடித்த நீரிலும் நல்ல ஆர்ஓ நீரிலும் இப்படித்தான் வர வேண்டும்.

ஒரே நீரை இரண்டு முறை சோதியுங்கள். எண்கள் ஒரு துளிக்குமேல் வேறுபட்டால் மூன்றாவது முறையும் செய்யுங்கள்.

பெட்டியைச் சோதிப்பது

உங்கள் பெட்டி சொல்வது உண்மையா என்று அறிய, கேஎச் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த நீர் ஒன்று வேண்டும். அதைச் சோடியம் பைகார்பனேட்டிலிருந்து நாமே தயாரிக்கலாம். சமையல் சோடா என்று விற்கப்படுவது இதுதான். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும், இதற்கு உதவாது. புதிதாகப் பிரித்த பாக்கெட் நல்லது. நீண்ட நாள் திறந்து கிடந்த சோடா ஈரத்தை இழுத்திருக்கும். சூடு பட்ட சோடா ஓரளவு சோடியம் கார்பனேட்டாக மாறியிருக்கும், எடைக்கு எடை அதன் காரத்தன்மை அதிகம்.

காய்ச்சி வடித்த 1 லிட்டர் நீரில் 30 மி.கி. சோடியம் பைகார்பனேட் கரைந்தால் அது 1 டிகேஎச். சமையலறைத் தராசில் 30 மி.கி. நிறுக்க முடியாது. அதற்காகத் தராசு வாங்க வேண்டியதில்லை, அதிகமாக நிறுத்துப் பின்னர் நீர்க்கச் செய்தால் போதும். 12 கிராம் சோடாவை நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மொத்தம் 1 லிட்டர் ஆக்குங்கள். இது 400 டிகேஎச் உள்ள மூலக் கரைசல். தராசு அரை கிராம் பிசகினாலும் பிழை நூற்றுக்கு நாலுதான். பிறகு சிரிஞ்சால் இந்தக் கரைசலில் 20 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 1 லிட்டர் ஆக்கினால் 8 டிகேஎச் நீர் தயார். 10 மி.லி. எடுத்தால் 4 டிகேஎச். 1 லிட்டர் நீரை அளக்கக் குடுவை இல்லாவிட்டால் அதையும் தராசிலேயே நிறுக்கலாம், 1 கிலோ நீர் ஏறக்குறைய 1 லிட்டர்தான்.

எந்த நீரில் கரைக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். குழாய் நீரில் கரைத்தால் அதன் கேஎச்சும் சேர்ந்து எல்லாம் வீணாகும். முதலில் அந்தக் காய்ச்சி வடித்த நீரைத் தனியாகச் சோதித்து முதல் துளியிலேயே மஞ்சளாகிறதா என்று பாருங்கள்.

இப்போது 8 டிகேஎச் நீரில் 10 மி.லி. எடுத்துச் சோதியுங்கள். 16 துளி வர வேண்டும். 15, 16, 17 எது வந்தாலும் பெட்டி நன்றாக இருக்கிறது. 20 துளி ஆனால் உங்கள் பெட்டியின் ஒரு துளி 10 மி.லி. நீரில் 0.5க்குப் பதில் 0.4 டிகேஎச்தான், 8ஐ 20ஆல் வகுத்தால் வருவது. அந்த எண்ணைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். இனி துளிகளை அந்த எண்ணால் பெருக்கினால் சரியான கேஎச் கிடைக்கும், பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இரண்டு முறை சோதித்தும் எண் மாறிமாறி வந்தாலோ, நிற மாற்றம் மங்கலாக இழுத்துக்கொண்டே போனாலோ திரவம் கெட்டுவிட்டது. அப்போது புதியது வாங்குவதைத் தவிர வழியில்லை.

புதுப் பெட்டி திறந்ததும் ஒருமுறை, அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயமாகவே கொள்ள வேண்டும். பவளங்கள் நாள்தோறும் கேஎச்சை எடுத்துக்கொள்கின்றன, அதை ஈடுகட்ட நாள்தோறும் உப்பு சேர்க்கிறோம். அந்தச் சேர்க்கை முழுவதும் இந்த ஒரு எண்ணை நம்பித்தான் நடக்கிறது.

சோதனைப் பட்டைகள்

நீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைகள் அவசரத்துக்கு உதவும். 0, 3, 6, 10 என்று தாவித்தாவி நிற்கும் அட்டையோடு ஒப்பிட வேண்டும் என்பதால் நுணுக்கம் கிடைக்காது. பாக்கெட்டில் அச்சிட்ட நேரத்தைக் கடைப்பிடியுங்கள், ஈரக் கையால் டப்பாவுக்குள் விரல் விடாதீர்கள். நான் பட்டையைப் பரிந்துரைப்பது ஒரே ஒரு கேள்விக்கு: இந்த நீரில் கேஎச் இருக்கிறதா, இல்லையா?

அமிலத்தால் தரம்பார்த்தல்

பள்ளி ஆய்வகமோ பியூரெட்டோ (அளவுக் கோடுகளும் கீழே திருகும் உள்ள கண்ணாடிக் குழாய்) கைக்கு எட்டினால் இதே சோதனையை இன்னும் துல்லியமாகச் செய்யலாம். 100 மி.லி. நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பியூரெட்டில் 0.02 நார்மல் (செறிவின் அலகு) கந்தக அமிலத்தையோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ நிரப்புங்கள். முதலில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியில் இரண்டு துளி விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு வந்தால் பிஎச் 8.3க்கு மேல், நீரில் கார்பனேட்டும் இருக்கிறது என்று பொருள். அந்த நிறம் மறையும்வரை அமிலம் விட்டு, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இயற்கை நீர்களில் நிறமே வராது. பிறகு மீதைல் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டி இரண்டு துளி. மஞ்சள் நீர் ஆரஞ்சாகும் தருணத்தில் நிறுத்துங்கள். சிவப்பு வரும்வரை போனால் தாண்டிவிட்டீர்கள்.

தொடக்கத்திலிருந்து மொத்தம் செலவான அமிலத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 10 மி.கி. காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக. 14.6 மி.லி. செலவானால் 146 மி.கி./லி., 17.85ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.2 டிகேஎச். மீதைல் ஆரஞ்சின் நிறமாற்றத்தைப் பிடிப்பது சிரமம் என்றால் அளவு சரிபார்த்த பிஎச் மீட்டரை நீரில் வைத்து 4.5 வரும்வரை அமிலம் விடலாம். காரத்தன்மை மிகக் குறைந்த நீரில், சுமார் 30 மி.கி./லி. அளவில், முடிவுப்புள்ளி 4.9க்கு அருகில் இருக்கும். 150 என்றால் 4.6, 500 என்றால் 4.3. கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தால் நீரில்தான் அமிலத்தை மெதுவாக விட வேண்டும், அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. முதல் முறை செய்பவர்கள் தயாரான 0.02 நார்மல் கரைசலை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

எண் விசித்திரமாக வந்தால்

குளோரின் அதிகம் உள்ள நீரில் நிறங்காட்டி வெளுத்துப்போய் நிறமே தெரியாமல் போகலாம். மாதிரியில் ஒரு துளி சோடியம் தயோசல்பேட் கரைசல் விட்டால் சரியாகும். இலைகளும் மரக்கட்டையும் ஊறிப் பழுப்பேறிய நீரில் மஞ்சளைக் கண்டுபிடிப்பது கடினம். சோதிக்காத அதே நீரை இன்னொரு குழாயில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கலங்கிய நீரைச் சிறிது நேரம் தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். அதில் சுண்ணாம்புத் துகள் மிதந்தால் அதுவும் அமிலத்தைத் தின்று கேஎச்சாகக் கணக்கில் வந்துவிடும்.

பிஎச்சை நிலைநிறுத்துவதாகச் சொல்லி விற்கும் பொடிகளில் பல பாஸ்பேட் அடிப்படையிலானவை. பாஸ்பேட்டும் போரேட்டும் அமிலத்தைப் பிடிப்பவைதான், ஆகவே துளிப் பெட்டிக்கு அவையும் கேஎச் போலவே தெரியும். நீச்சல் குளத்தில் குளோரினைக் காக்கச் சேர்க்கும் சயனூரிக் அமிலமும் இப்படியே. குளத்து நீரின் வழக்கமான பிஎச்சில் சயனூரிக் அமில அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மொத்தக் காரத்தன்மையிலிருந்து கழித்தால்தான் கார்பனேட் பகுதி தெரியும். சோதனை 100 மி.கி. காட்டுகிறது, சயனூரிக் அமிலம் 60 என்றால் கார்பனேட் பகுதி 80.

எண்ணை எப்படிப் படிப்பது?

நன்னீர் மீன்தொட்டியில் 4 முதல் 8 டிகேஎச் பெரும்பாலான மீன்களுக்கு நிம்மதியான அளவு. 3க்குக் கீழே போனால் பிஎச்சை அடிக்கடி பாருங்கள். மென்னீர் மீன்களை 1, 2 டிகேஎச்சில் வளர்ப்பவர்கள் உண்டு, அவர்கள் நீர் மாற்றுவதில் சோம்பல் காட்ட முடியாது. மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. 1 மி.கி. அம்மோனிய நைட்ரஜன் மாறும்போது சுமார் 7 மி.கி. காரத்தன்மை செலவாகிறது. நீர் மாற்றாத தொட்டியில் கேஎச் மெல்ல மெல்லக் கரைவது இதனால்தான். இயற்கைக் கடல்நீர் ஏறக்குறைய 6.5 டிகேஎச், பவளத் தொட்டிகளில் பொதுவாக 7 முதல் 11வரை வைக்கிறார்கள். நீச்சல் குளத்துக்கு 80 முதல் 120 மி.கி./லி. என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் கேஎச்சையும் பிஎச்சையும் கொண்டு கரைந்த கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிடுவார்கள். கேஎச்சை 3ஆல் பெருக்கி, 7லிருந்து பிஎச்சைக் கழித்து வரும் எண்ணைப் பத்தின் அடுக்காக எடுத்து அதோடு பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று வரும். கேஎச் 4, பிஎச் 7 என்றால் 12. பிஎச் 6.6 என்றால் 30. நீரில் பைகார்பனேட் அல்லாத வேறு அமிலமோ பாஸ்பேட்டோ இருந்தால் இந்தக் கணக்கு பொய்க்கும், அதனால் இதை மட்டும் நம்பி வாயுவைக் கூட்டாதீர்கள்.

கெட்டில் படிவுக்காகச் சோதிப்பவர்களுக்கு ஓர் எளிய வழி. கேஎச்சை அளந்த நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஆவியான அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சரிசெய்து, தெளிந்த மேல்நீரை மறுபடி அளந்து பாருங்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவும் சுண்ணாம்பாகப் பிரிந்தது. மென்மையாக்கி வழியாக வந்த நீரில் இந்தக் குறைவு மிகச் சிறியதாக இருக்கும், கேஎச் அதிகமாக இருந்தாலும் படிவு வராததன் காரணம் அப்போது கண்முன்னே தெரியும்.

கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால்

100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் கூட்ட 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். தனிப் பாத்திரத்தில் கரைத்து, பல தவணையாக ஊற்றுங்கள். மீன்கள் இருந்தால் ஒரு நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாமல் இருப்பதே என் பழக்கம். முக்கியமான எச்சரிக்கை: கேஎச் தீர்ந்து பிஎச் 6க்குக் கீழே இறங்கிய தொட்டியில் அம்மோனியம் சேர்ந்திருக்கலாம். அங்கே சோடா போட்டுப் பிஎச்சைச் சட்டென்று உயர்த்தினால் அது நச்சுள்ள அம்மோனியாவாக மாறி மீன்கள் செத்துவிடும். முதலில் அம்மோனியாவை அளந்து, நீரைச் சிறிது சிறிதாக மாற்றிய பிறகே கேஎச்சைத் தொடுங்கள். குறைக்க வேண்டுமென்றால் ஆர்ஓ நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ கலப்பது எல்லாவற்றிலும் பத்திரமான வழி. 12 டிகேஎச் நீரும் 0 டிகேஎச் நீரும் சம அளவு கலந்தால் 6.

குறிப்பேட்டில் எழுதும்போது தேதி, எங்கே எடுத்த நீர், எத்தனை மி.லி., எத்தனை துளி, எந்தப் பெட்டி என்று ஐந்தையும் எழுதுங்கள். கணக்கிட்ட டிகேஎச்சை மட்டும் எழுதினால் பெட்டி பிசகியது பிறகு தெரியவரும்போது பழைய எண்களைத் திருத்த முடியாது. துளி எண்ணிக்கை கையில் இருந்தால் ஒரு பெருக்கலில் எல்லாம் சரியாகும். புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். எண் ஒரே இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தபிறகு மாதம் ஒருமுறையும், குழாய் நீரின் ஆதாரம் மாறியதாகத் தோன்றும்போதெல்லாம் ஒருமுறையும் போதும்.